அம்மாவுக்கும் எனக்கும் ஒரே இடத்தில்

அம்மாவுக்கு இடது கன்னத்தில், மூக்கு ஓரத்திலிருந்து ஒரு விரல் தள்ளி, ஒரு மச்சம் இருந்தது. உளுந்து அளவு இருக்கும். கொஞ்சம் மேடாக, நல்ல கறுப்பாக இருக்கும். எனக்கும் அதே இடத்தில் ஒன்று இருந்தது. நான் பிறக்கும்போது இல்லையாம். பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற வயதில் புள்ளியாகத் தெரிய ஆரம்பித்து, நான் பெரிய மனுஷியான சமயத்தில் அம்மாவுடையதைப் போலவே மேடாகிவிட்டது.

வகுப்பில் பையன்கள் அதை ஈ என்பார்கள். முகத்துக்கு நேரே கையை வீசி "ஈ ஈ" என்று விரட்டுவார்கள். அழுதுகொண்டே வீட்டுக்கு வந்த ஒரு நாள் அம்மா மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தாள். கையை உதறிவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"ஈயாமா? அப்ப என்ற மூஞ்சில இருக்கறது என்னவாம்? நாளைக்கு அந்தப் பசங்ககிட்டச் சொல்லு, இது குட்டி ஈ, இதோட அம்மா ஈ எங்கூட்டுல இருக்குதுன்னு."

அழுகையோடு சிரித்தேன். பிறகு யார் கேலி செய்தாலும் அவ்வளவாக உறைக்கவில்லை. ஆனால் எனக்கு அப்படித் தைரியம் சொன்னவளுக்குத் தன் மச்சத்தின் மேல் கூச்சம் இருந்தது. யாராவது போட்டோ எடுத்தால் வலது பக்கத்தைக் காட்டித்தான் நிற்பாள். கல்யாண ஆல்பத்திலிருந்து என் மகளின் காதுகுத்து வரைக்கும் எல்லாப் படத்திலும் பக்கத்தில் நிற்பவரைப் பார்ப்பது போலத் திரும்பியிருப்பாள். "கேமராக்காரன் மேல அப்படி என்ன கோவம் உனக்கு?" என்று அப்பா கிண்டல் செய்வார்.

எங்கள் ஊர் மோகனூருக்குப் பக்கம். கரும்பும் வாழையும் வைக்கிற குடும்பம். நான் ஒரே பெண். கல்யாணமாகி நாமக்கல்லில் இருக்கிறேன். ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். வீட்டுக்காரர் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிறார்.

அம்மா இறந்தது ஒரு தை மாதம். பொங்கலுக்கு வந்த சொந்தக்காரர்கள் எல்லாம் ஊருக்குத் திரும்பியிருந்தார்கள். காலையில் பால் கறக்கப் போனவள் கட்டுத்தரையிலேயே சாய்ந்துவிட்டாள். பக்கத்துத் தோட்டத்துக்காரர் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு அப்பா நாமக்கல்லுக்குப் புறப்பட்டார். போன் வந்ததும் நான் ஆஸ்பத்திரி வாசலுக்கு ஓடிப்போய் நின்றேன். கார் வந்து நின்றது. பின் சீட்டில் அப்பாவின் மடியில் அம்மாவின் தலை இருந்தது. இடது கன்னம் மேலே தெரிந்தது. மச்சத்தின் மேல் சாணித் துணுக்கு ஒன்று ஒட்டியிருந்தது. அதை என் முந்தானையால் துடைத்தேன். உள்ளே கொண்டுபோனதும் டாக்டர் கண்ணைப் பார்த்தார், மணிக்கட்டைப் பிடித்தார், தலையை ஆட்டிவிட்டார். வரும் வழியிலேயே முடிந்துவிட்டதாம்.

அன்று நான் அழவில்லை. ஐஸ் பெட்டி, பந்தல், வந்தவர்களுக்குக் காப்பி, மாத்திரை போட வேண்டிய அப்பா, பயந்து போன என் மகள் என்று ஒவ்வொன்றாக என் முன்னால் வந்து நின்றது. "கல்லாட்ட நிக்கறா பாரு" என்று யாரோ சொன்னதும் காதில் விழுந்தது. அப்பா அழுதாரா என்று எனக்குத் தெரியாது. துண்டை வாயில் வைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தே இருந்தார்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஊருக்குப் போனேன். வாரத்துக்கு ஆகிற மாதிரி குழம்பு வைத்து ஃப்ரிட்ஜில் அடுக்கிவிட்டு, சாயங்காலம் திரும்புவேன். அப்பா அதிகம் பேசாத மனிதர். அம்மா இருந்தவரை வீட்டில் பேச்செல்லாம் அவளுடையதாகத்தான் இருந்தது. இப்போது சாப்பிடும்போது எதிரில் உட்கார்ந்து என்னையே பார்ப்பார். நான் நிமிர்ந்தால் பார்வையைத் தட்டுக்கு இறக்கிக்கொள்வார். முதலில் எனக்குப் புரியவில்லை. ஒரு நாள் புரிந்தது. அவர் பார்த்தது என் இடது கன்னத்தை. அதன் பிறகு நானாகவே அவருக்கு அது நன்றாகத் தெரிகிற மாதிரி உட்கார்ந்துகொண்டேன். நாங்கள் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

வைகாசியில் ஒரு காலை, முகம் துடைத்த துண்டில் ரத்தம் இருந்தது. மச்சம் கசிந்துகொண்டிருந்தது. துண்டு உரசியிருக்கும் என்று விட்டுவிட்டேன். மறுபடி வந்தது. கண்ணாடியில் உற்றுப் பார்த்தால் ஓரத்தில் நிறமும் மாறியிருந்தது போல இருந்தது. வீட்டுக்காரர் அன்றைக்கே சேலத்தில் ஒரு தோல் டாக்டரிடம் கூட்டிப் போனார்.

டாக்டர் என் வயதுப் பெண். லென்ஸ் வைத்து நெடுநேரம் பார்த்தார்.

"பயப்படற மாதிரி எனக்குத் தோணலைங்க. ஆனா ரத்தம் வந்திருக்கு, ஓரத்துல கலர் மாறியிருக்கு. எடுத்து டெஸ்டுக்கு அனுப்பிட்டா சந்தேகமே இருக்காது."

"எங்கம்மாவுக்கும் இதே இடத்துல இருந்துச்சுங்க" என்றேன்.

"அவங்களுக்கு இப்படி ரத்தம் ஏதாவது வந்துச்சா? இப்ப எப்படி இருக்காங்க?"

"அவங்க இல்லைங்க."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "இதனாலயா?"

"இல்லைங்க. ஹார்ட்டு."

அவர் பேப்பரில் ஏதோ எழுதினார். பிறகு தழும்பு பற்றிச் சொன்னார். கன்னத்துச் சுருக்கத்தின் போக்கிலேயே வெட்டி மெல்லிய நூலால் தைப்பதாகவும், ஒரு கோடு மாதிரிதான் தெரியும் என்றும், ஆனால் சிலர் தோலில் தழும்பு தடித்துக்கொண்டு வரும், அதை முன்கூட்டியே சொல்ல முடியாது என்றும் சொன்னார். நான் கேட்டதாகத் தலையாட்டினேன். தழும்பைப் பற்றிய யோசனையே எனக்கு இல்லை. அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்றுதான் ஓடிக்கொண்டிருந்தது.

போனில்தான் சொன்னேன். அந்தப் பக்கம் மோட்டார் ஓடும் ஒலி மட்டும் கேட்டது.

"எடுத்துத்தான் ஆகோணுமா?"

"ஆமாங்கப்பா. வேற மாதிரி ஏதாச்சும் இருந்துட்டா கஷ்டமில்லீங்களா."

"சேரி. டாக்டர் சொன்னா எடுத்துப்போடு" என்றார். வைத்துவிட்டார்.

ஆனி மாதத்தில் எடுத்தார்கள். மரத்துப்போக ஊசி போட்டதுதான் வலித்தது. பிறகு கன்னம் யாருடையதோ மாதிரி ஆகிவிட்டது. இழுப்பது தெரிந்தது, அறுப்பது தெரியவில்லை. பச்சைத் துணிக்குக் கீழே கண்ணை மூடிக்கொண்டு கிடந்தேன். முடிந்ததும் டாக்டர், "பார்க்கறீங்களா?" என்று ஒரு சின்ன பாட்டிலைக் காட்டினார். மருந்துத் தண்ணீரில் அது மிதந்தது. ஊறவைத்த உளுந்து தோலோடு கிடப்பது மாதிரி இருந்தது. இத்தனை வருஷம் என் முகத்தில் இருந்தது, வெளியே எடுத்ததும் அவ்வளவு சின்னதாகிவிட்டது. மூடியில் என் பெயரை ஒட்டி நர்ஸ் எடுத்துப் போனாள்.

அந்த ஞாயிறு கன்னத்தில் பிளாஸ்திரியோடு ஊருக்குப் போனேன். அப்பா வாழைக்குத் தண்ணீர் கட்டிவிட்டு வந்தார். கை காலைக் கழுவினார். என் முகத்தைப் பார்த்தார். ஈரம் காயாத கையைத் தூக்கினார், தொடாமல் இறக்கிவிட்டார்.

"உங்கம்மாளையும் அங்கயே உட்டுப்போட்டு வந்துட்டியே சாமி."

நான் சமையலறைக்குள் போய்ப் புளியைக் கரைத்தேன். அவர் சாப்பிட வரவில்லை. தோட்டத்துப் பக்கம் போனவர் நான் கிளம்பும் வரைக்கும் திரும்பவில்லை.

மறுநாள் காலை முதல் பஸ்ஸுக்கே நாமக்கல் வந்துவிட்டார். ஒரு கையில் பூவன் சீப்பு, இன்னொரு கையில் தயிர்த் தூக்கு. செருப்பைக் கழற்றிக்கொண்டே, "நேத்து என்னமோ சொல்லிப்போட்டேன். மனசுல வச்சுக்காத கண்ணு" என்றார். காப்பி குடித்தார். கொஞ்ச நேரம் டம்ளரை உருட்டிக்கொண்டே இருந்துவிட்டுக் கேட்டார்.

"அந்த எடுத்ததை டெஸ்டுக்கு அனுப்பியிருக்காங்கல்ல. டெஸ்ட் முடிஞ்சா நம்மகிட்டத் திருப்பித் தருவாங்களா?"

"எதுக்குங்கப்பா?"

"சும்மாதான் கேட்டேன்."

"தர மாட்டாங்கன்னு நெனைக்கறேங்கப்பா."

"ஓ" என்றார். என் வீட்டுக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

தையல் பிரித்தார்கள். ரிசல்ட் வந்தது. ஒன்றுமில்லை, சாதாரண மச்சம்தான். எல்லோரும் நிம்மதியானார்கள். எனக்கும் நிம்மதிதான், பொய் சொல்லக் கூடாது. ஆனால் ஆபத்து இல்லாத ஒன்றை எடுத்துவிட்டோமே என்று ரிப்போர்ட்டை இன்னொரு முறை படித்தேன். பள்ளியில், "இப்பத்தான் மிஸ் லட்சணமா இருக்கீங்க" என்றார்கள். நல்லெண்ணத்தில் சொன்னதுதான். நானும் சிரித்துவைத்தேன்.

ஆடி நோம்பிக்கு அப்பாவின் அக்கா ஊருக்கு வந்திருந்தார். என் தாடையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "பீடை போச்சு போ. இனி உனக்கு நல்ல நேரந்தான்" என்றார்.

அப்பா கையில் இருந்த சொம்பைத் தரையில் வைத்தார். "எம் பொண்டாட்டி மூஞ்சில இருந்ததும் பீடைதானுங்களா அக்கா?"

அத்தை பதறிப்போனார். "நான் அப்படியா சொன்னேன்? ஏனப்பா இப்படிப் பேசற?"

"அத வச்சுக்கிட்டுத்தான் அவ இந்த ஊட்டுல முப்பத்தெட்டு வருசம் வெளக்கேத்துனா" என்றார் அப்பா. அப்பா தன் அக்காவிடம் குரல் உயர்த்தி நான் பார்த்ததே இல்லை. அன்றும் குரல் உயரவில்லை, நடுங்கியது.

ஆவணியில் தழும்பு தடிக்க ஆரம்பித்தது. முதலில் சிவப்புக் கோடாக, டாக்டர் சொன்னபடிதான் இருந்தது. பிறகு அரித்தது. இரவெல்லாம் கை தானாக அங்கே போகும். கோடு புடைத்தது, பளபளப்பாக, இளஞ்சிவப்பில், மண்புழு ஒன்று தோலுக்கடியில் படுத்துக்கிடப்பது போல. சிரித்தால் இழுத்தது. லட்சணமாக இருக்கிறேன் என்று சொன்ன டீச்சர்கள் இப்போது பேசும்போது என் நெற்றியைப் பார்த்துப் பேசினார்கள். ஒரு குழந்தை மட்டும், "மிஸ், யாரு மிஸ் அடிச்சாங்க?" என்று நேராகக் கேட்டது.

டாக்டர் ஒரு ஜெல் கொடுத்தார். தினமும் தடவி, வட்டமாக அழுத்தி நீவிவிட வேண்டும். வெயிலில் போனால் தனி கிரீம். அதோடு மாதம் ஒருமுறை தழும்புக்குள்ளேயே ஊசி. அந்த ஊசி அறுவையைவிட வலி. தடித்த தழும்புக்குள் மருந்து சுலபத்தில் இறங்காது. அழுத்தி ஏற்ற வேண்டும். கன்னம் வெடித்துவிடும் போல இருக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தேன். ஐஸ் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா அந்த ஜெல்லைத் தானே தடவ ஆரம்பித்தார். எப்படி ஆரம்பித்தது என்று சரியாக ஞாபகம் இல்லை. கண்ணாடி இல்லாமல் நான் தப்பான இடத்தில் தடவிக்கொண்டிருந்திருப்பேன். "இங்க குடு" என்று வாங்கினார். நான் பெரிய மனுஷியான பிறகு அப்பா என்னைத் தொட்டதாக நினைவில்லை. காய்ச்சல் என்றால்கூட அம்மாவை விட்டுத்தான் நெற்றியைத் தொடச் சொல்வார். இப்போது மண்வெட்டி பிடித்துக் காய்த்துப்போன விரல்நுனியால் என் கன்னத்தை நீவினார். சொரசொரவென்று இருந்தது. "வலிக்குதா?" என்பார். "இல்லீங்கப்பா" என்பேன். வலித்தாலும் அதைத்தான் சொன்னேன்.

மார்கழியில் அம்மாவின் வருஷத் திதிக்கு ஏற்பாடு நடந்தது. சுவரில் மாட்டப் பெரிய படம் வேண்டும். அப்போதுதான் தெரிந்தது, அம்மா நேராகப் பார்க்கிற படம் எங்களிடம் ஒன்றுகூட இல்லை. எல்லாம் வலது பக்கம்தான். தேடித் தேடி, சொந்தத்தில் ஒரு பெண் தன் போனில் எடுத்தது கிடைத்தது. ஒரு வளைகாப்பில் அம்மா எதிர்பாராமல் திரும்பிச் சிரிக்கும்போது எடுத்தது. நல்ல படம். நாமக்கல்லில் ஒரு ஸ்டூடியோவில் கொடுத்துப் பெரிதாக்கச் சொன்னோம்.

அப்பாவும் நானும் வாங்கப் போனோம். ஸ்டூடியோக்காரர் சட்டம் போட்ட படத்தைத் துணியால் துடைத்து மேசைமேல் நிமிர்த்தி வைத்தார். அப்பா கிட்டே போனார். தள்ளி நின்றார். மறுபடி கிட்டே போனார்.

"இது அவ இல்லீங்களே."

எனக்கும் அப்போதுதான் கண்ணில் பட்டது. இடது கன்னம் வழவழவென்று சுத்தமாக இருந்தது.

"மச்சம் எங்கீங்க?" என்றார் அப்பா.

"நாங்க எதையும் எடுக்கலைங்கய்யா. போன்லயே இப்படித்தான் வந்திருக்குது. இப்ப வர்ற போனெல்லாம் மூஞ்சிய அதுவே சுத்தம் பண்ணிருதுங்க."

அப்பா என் தாடையைப் பிடித்து அவர் பக்கம் திருப்பினார். "இங்க இருந்துச்சுங்க. இந்தத் தழும்பு தெரியுதில்லீங்க, இதே எடத்துல. வச்சுத் தர முடியுங்களா?"

ஸ்டூடியோக்காரர் என் கன்னத்தையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். கம்ப்யூட்டரில் ஒரு கறுப்புப் புள்ளி வைத்தார். அது திருஷ்டிப் பொட்டு மாதிரி இருந்தது. கொஞ்சம் பெரிதாக்கினார், சின்னதாக்கினார். அப்பா, "இல்லீங்க, இல்லீங்க" என்றுகொண்டே இருந்தார்.

கடைசியில் ஸ்டூடியோக்காரர் என்னைக் கேட்டார். "அக்கா, உங்களுக்கும் இருந்துச்சுங்களா? அப்படின்னா உங்க பழைய போட்டோ ஒண்ணு குடுங்க."

என் போனில் தேடினேன். பள்ளி ஆண்டு விழாவில் கேமராக்காரர் எடுத்த படம் ஒன்று தெளிவாக இருந்தது. அவர் என் கன்னத்திலிருந்து அந்த மச்சத்தை அதன் சின்ன நிழலோடு வெட்டி எடுத்தார். அம்மாவின் கன்னத்தில் வைத்தார். நிறத்தைக் கொஞ்சம் சரி செய்தார்.

அம்மா வந்துவிட்டாள். அப்படித்தான் இருந்தது. அப்பா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"போதுங்க. இதுக்கு மேல ஒண்ணும் தொட்டுராதீங்க" என்றார்.

திதியன்று அந்தப் படத்துக்கு மாலை போட்டோம். படையல் வைத்தோம். வந்தவர்கள் எல்லோரும் நேரில் பார்த்த மாதிரி இருக்கிறது என்றார்கள். நான் அன்றும் அழவில்லை. இலை போடுவதிலும் பாத்திரம் எண்ணுவதிலும் நாள் போய்விட்டது.

அடுத்த ஊசிக்கு வீட்டுக்காரரால் வர முடியவில்லை. "நான் வாரேன்" என்று அப்பா கிளம்பி வந்தார். சேலத்தில் கிளினிக் வராண்டாவில் அவரை உட்காரவைத்துவிட்டு உள்ளே போனேன். வழக்கம் போலத்தான். படுத்தேன், நர்ஸ் பஞ்சால் துடைத்தாள், டாக்டர் ஊசியை ஏற்றினார். மருந்து இறங்க இறங்கக் கன்னம் விம்மியது.

"வலிச்சா சொல்லுங்க, நிறுத்தறேன்" என்றார்.

"வலிக்குதுங்க" என்றேன். என் வாயிலிருந்து அது வந்ததும் அதற்குப் பின்னால் வேறு ஏதோ வந்தது. "அம்மா" என்று கத்தினேன். ஒருமுறை கத்தியது நிற்கவே இல்லை. டாக்டர் பயந்து ஊசியை எடுத்துவிட்டார். நர்ஸ் என் தோளைப் பிடித்தாள். "எடுத்தாச்சுங்க, எடுத்தாச்சுங்க" என்றாள். நான் எழுந்து உட்கார்ந்து, மடியில் முகத்தைப் புதைத்து, வெளியே வரிசையில் இருப்பவர்கள் எல்லாம் கேட்கும்படி அழுதேன். கட்டுத்தரையில் விழுந்த அம்மாவுக்கும், கார் சீட்டில் கிடந்த அம்மாவுக்கும், ஐஸ் பெட்டிக் கண்ணாடிக்குக் கீழே இருந்த அம்மாவுக்கும் சேர்த்து அழுதேன்.

கதவைத் தள்ளிக்கொண்டு அப்பா வந்தார். யாரும் தடுக்கவில்லை. "ஏஞ்சாமி, என்னாச்சு, என்ன பண்ணீட்டாங்க?" என்று கேட்டார்.

"அம்மா வேணுங்கப்பா."

நாற்பதை நெருங்கும் பெண், அப்படிச் சொன்னேன். அப்பா என் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் அவர் வயிறு குலுங்குவது தெரிந்தது. துண்டை வாயில் வைக்கவில்லை. வாய்விட்டு அழுதார். டாக்டர் நர்ஸைக் கூட்டிக்கொண்டு வெளியே போய்க் கதவைச் சாத்தினார். எவ்வளவு நேரம் விட்டார் என்று தெரியாது. திரும்பி வந்து, "இன்னிக்கு இது போதுங்க. அடுத்த மாசம் பார்த்துக்கலாம்" என்றார்.

பஸ்ஸில் ஜன்னலோரம் அப்பாவை உட்காரவைத்தேன். மல்லூர் தாண்டியதும் அப்பா வெளியே பார்த்தபடியே சொன்னார்.

"அன்னிக்குக் கார்ல வாரப்ப ஒரு தடவை கண்ணத் தொறந்தா. என்னப் பார்த்தா. நான், இதா வந்துருச்சு, இதா வந்துருச்சுன்னு சொல்லிக்கிட்டே வந்தேன். வேற ஏதாச்சும் பேசியிருக்கலாம்."

இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

இன்னும் சில ஊசிகள் போட்டார்கள். தழும்பு இப்போது தணிந்துவிட்டது. மருந்து இறங்கிய இடத்தில் தோல் வெளுத்து, நடுவில் லேசாகக் குழிந்திருக்கிறது. இதற்கு மேல் மாறாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சித்திரை வெயிலில் கொஞ்சம் அரிக்கும். பவுடர் போட்டு மறைக்கலாம் என்று மகள் சொல்கிறாள். நான் போடுவதில்லை.

ஞாயிறுகளில் போகிறேன். அப்பா பழையபடி எதிரில் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறார். என் கன்னத்தை இப்போது தேடுவதில்லை. அதற்குப் பதிலாக அம்மாவைப் பற்றிப் பேசுகிறார். கல்யாணமான புதிதில் அவள் மோட்டார் ரூமுக்குள் பாம்பைப் பார்த்துக் கத்தியது, கரும்பு வெட்டுக்கு வந்த ஆட்களோடு சண்டை போட்டது, எல்லாம். பாதியில் நிறுத்திவிட்டு எழுந்து கை கழுவப் போய்விடுவார். நான் தட்டில் கையை வைத்துக்கொண்டு அவர் வரும்வரை உட்கார்ந்திருப்பேன். பேசினால் ஆறிவிடும் என்று எல்லோரும் சொன்னார்கள். நாங்களும் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம்.